கணக்கில் வராத நான்கு பந்துகள்

அந்த பில்லியர்ட்ஸ் கூடத்தில் அவளை எல்லாரும் கணக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது பெரியவர்கள்கூட வாய் கூசாமல் அக்கா என்பார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. நாற்பத்தெட்டு வயது, நறுக்கென்ற பேச்சு, மூக்கு நுனியில் எப்போதும் ஒரு கோபம். ஆனால் எண்ண உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பகலில் அவளுக்கு மருத்துவமனைத் துணி அறையில் வேலை. படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும், வெளுத்து மடித்து வார்டு வார்டாகப் போகும். எத்தனை வந்தது, எத்தனை போனது, எத்தனை கிழிந்தது என்று இருபத்திரண்டு வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். அங்கே ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. ஷிஃப்ட் மாறும்போது முந்தைய ஆள் ‘முந்நூற்றுப் பத்து இருக்கு’ என்று சொன்னால் அதை நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது. வருகிறவர் தானே ஒருமுறை எண்ணிப் பார்த்துத்தான் பொறுப்பு வாங்க வேண்டும். அப்படிச் செய்யாத புது ஆட்களை அவள் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். சொல்கிறவர் மருத்துவமனைத் தலைவராகவே இருக்கட்டும், துணியைத் தொட்டு எண்ணாமல் பேனாவைத் தொடாதே என்பாள்.

பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு அவள் வந்தது ஆட்டம் பார்க்க அல்ல, ஆளை இழுத்துப் போக. லிஃப்ட் பழுது பார்க்கும் தம்பி, வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேராக அங்கே போய்விடுவான். பெற்றவர்கள் இல்லாத வீட்டில் அவனைத் திட்ட அவள் ஒருத்திதானே? ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு படியேறி வந்தாள். ஆட்டம் பாதியில் இருந்தது. முடியட்டும், அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கால் மணி நேரத்தில் எழுந்து, எண்ணிக்கொண்டிருந்த ஆளிடம், நீங்கள் இரண்டு பந்தை விட்டுவிட்டீர்கள் என்று சொன்னாள். அவர் சண்டைக்கு வந்தார். பந்துகளை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். அவள் சொன்னதுதான் சரி. அன்று தம்பியை இழுத்துப் போக வந்தவள் பதினேழு வருஷமாக அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள்.

அங்கே ஆடுகிற ஆட்டம் எளிமையானது, சொல்வதற்கு மட்டும். மேசையில் பதினைந்து பந்து, அடிப்பதற்கு ஒரு வெள்ளைப் பந்து. எது எந்த பாக்கெட்டில், அதாவது மேசை ஓரத்துக் குழியில், விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். விழுந்தால் ஒரு புள்ளி. பதினான்கு விழுந்ததும் பதினைந்தாவதைத் தொடாமல் விட்டுவிட்டு, விழுந்த பதினான்கையும் எடுத்து முக்கோணச் சட்டத்தில் வைத்து மறுபடி அடுக்குவார்கள். ஆட்டம் நிற்காது. ஒரு பந்து தவறினால் போச்சு, எதிராளி எழுந்து வந்துவிடுவார். தவறாமல் எத்தனை விழுத்துகிறார் என்பதுதான் ஒருவருடைய ஓட்டம். ஒவ்வொரு முறை முக்கோணம் வைக்கும்போதும் கணக்கக்கா சுவரிலுள்ள ஆணியில் ஒரு பித்தளை வளையம் மாட்டுவாள். ஒரு வளையத்துக்குப் பதினான்கு. அவ்வளவுதான் கணக்கு.

கூடத்துச் சுவரில், மிக நீண்ட ஓட்டத்தை எழுதி வைக்கிற ஒரு பலகை உண்டு. அதில் பதினெட்டு வருஷமாக இருநூறு என்ற எண் நின்றது. அது மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் அடித்தது. அவர் இப்போது ஆடுவதில்லை, தோளில் வலி. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை வந்து, பலகையைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுப் போவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பிக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் ஆட்டம். கணக்கக்காவுக்கு அன்றைக்குப் பார்த்து காலை ஷிஃப்ட். பேருந்தும் காலை வாரிவிட்டது. அவள் மூச்சு வாங்கப் படியேறியபோது ஆட்டம் தொடங்கிவிட்டது. ஸ்டூலில் இருந்த கூடத்துக்காரர், அவளைக் கண்டதும் விட்டால் போதும் என்று எழுந்தார். “இப்பதான் ஆரம்பிச்சாங்க, தம்பிதான் அடிக்கிறான்” என்று சொல்லிவிட்டு கவுன்ட்டருக்கு ஓடினார். மேசையில் எட்டுப் பந்து இருந்தது. போன ஏழும் தம்பி விழுத்தியது என்று அவளே முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தாள். பேருந்தில் இருந்த எரிச்சல் இன்னும் இறங்கவில்லை.

அப்புறம் நடந்தது கூடத்தில் யாரும் அதுவரை பார்க்காதது. ஒரு வளையம், இரண்டு வளையம், ஐந்து, எட்டு. பத்தாவது வளையத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். நூற்றைம்பது புள்ளி வந்ததும் போட்டி முடிந்துவிட்டது. ஆனால் தவறும்வரை அடித்துக்கொண்டே போகலாம் என்பது அங்கே வழக்கம். கணக்கக்கா பதினான்காவது வளையத்தை மாட்டினாள். நூற்றுத் தொண்ணூற்றாறு. அதன்பின் ஒவ்வொரு பந்துக்கும் கூடம் மூச்சைப் பிடித்தது. ஐந்தாவது பந்து விழுந்ததும் கூரை பிய்ந்துகொள்கிற மாதிரி கைத்தட்டல். இருநூற்றொன்று! தம்பி நிமிர்ந்து பார்த்தான், சிரித்தான், நெற்றியைத் துடைத்துக்கொண்டான். மேலும் இரண்டு விழுத்தினான். மூன்றாவது பந்து பாக்கெட்டின் உதட்டில் தட்டி வெளியே வந்துவிட்டது. யார் கவலைப்பட்டார்கள்? இருநூற்று மூன்று என்று அவனைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். கணக்கக்கா ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. என் தம்பி, என் தம்பி என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணீர் அவளைக் கேட்காமலே வந்தது.

பத்தே நாளில் பில்லியர்ட்ஸ் சங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. சங்கத்தின் செயலாளர் அச்சகம் நடத்துகிறவர். கடிதம் கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகாக இருந்தது, விஷயம்தான் கசப்பு. எண்ணியவர் ஆட்டக்காரரின் உடன்பிறந்த அக்கா என்பதால் எண்ணிக்கை குறித்து ஆட்சேபம் எழுப்பப்பட்டுள்ளதாம். சரிபார்ப்பு முடியும்வரை பலகையில் ஏற்றக் கூடாதாம். மெய்ப்பிக்கப்படாவிட்டால் இனி உறவினர் யாரும் எண்ண உட்காரக் கூடாதாம்.

துணி அறையில் நின்றபடியே மூன்று தடவை படித்தாள். உடம்பெல்லாம் எரிந்தது. தம்பியின் சாதனை போனால் அவன் இன்னொன்று அடிப்பான், அவனுக்கு வயது இருக்கிறது. தன் எண்ணிக்கை பொய் என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால் அவளுக்கு வேறென்ன இருக்கிறது? பந்தானாலும் படுக்கை விரிப்பானாலும் அவள் சொன்ன எண்ணுக்கு மறு எண் கிடையாது என்பதில்தான் அவள் இத்தனை வருஷம் தலைநிமிர்ந்து நடந்தாள்.

ஆட்சேபித்தவர் யாரென்று கேட்க வேண்டுமா? கண்ணாடிக் கடைக்காரர்தான். தம்பி பெண்டாட்டி சமையலறையில் பாத்திரத்தை டங்கென்று வைத்துவிட்டு, “ஊரு கண்ணையெல்லாம் சோதிக்கிறவருக்கு அண்ணி கண்ணு மேல சந்தேகமா?” என்றாள். தம்பி தட்டிலிருந்து நிமிராமல் சாப்பிட்டான். லிஃப்டுக்காரன் பொறுமை அது. இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டாலும் பதறமாட்டான்.

சரிபார்ப்பு ஒரு சனிக்கிழமை காலை, கூடம் திறப்பதற்கு முன்னால் நடந்தது. கையில் இருந்தது ஒரே சாட்சி. கவுன்ட்டருக்கு மேலே, திருட்டுப் போகாமல் இருப்பதற்காக மாட்டிய கேமரா. அதில் சத்தம் கிடையாது. மேசையிலும் முக்கோணம் வைக்கிற பாதிதான் தெரியும். மறுபாதியில் விழுந்த பந்துகளைக் கடவுள்தான் பார்த்திருக்க வேண்டும். ஆனால் எதிராளியின் நாற்காலி படத்தில் விழுந்திருந்தது. ஆகவே அச்சகக்காரர் ஒரு வழி சொன்னார். முக்கோணம் எத்தனை முறை வைக்கப்பட்டது என்று எண்ணுவோம். அதற்கிடையில் மருந்துக் கடைக்காரர் எழுந்து ஆட வரவில்லை என்றால் ஓட்டம் அறுபடவில்லை என்று அர்த்தம். கண்ணாடிக் கடைக்காரரும் தலையாட்டினார். தம்பி சுவரோடு சாய்ந்து நின்றான். கணக்கக்கா சாட்சி மட்டும். கேட்டால் ஒழிய வாய் திறக்கக் கூடாது என்று அச்சகக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவளை வாய் மூடி உட்காரச் சொன்னது அவர் வாழ்க்கையிலேயே துணிச்சலான காரியமாக இருக்கும்.

தம்பி நாற்காலியை விட்டு எழுகிற இடத்திலிருந்து படத்தை ஓட்டினார்கள். ஒன்றே முக்கால் மணி நேரப் படம். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார்கள். ஒரு தகராறு வந்தது. ஏழாவது முக்கோணத்துக்குப் பிறகு மருந்துக் கடைக்காரர் எழுந்து நாற்பது வினாடி காணாமல் போனார். அந்த நாற்பது வினாடியில் ஆட வந்திருந்தால்? கண்ணாடிக் கடைக்காரர் படத்தை நிறுத்தச் சொல்லி மூன்று தடவை பார்த்தார். மருந்துக் கடைக்காரரின் க்யூ கோல் நாற்காலியில் சாய்த்தது சாய்த்தபடியே இருந்தது. கோல் இல்லாமல் ஆட அவருக்கு என்ன மந்திரமா தெரியும்? போன் போட்டுக் கேட்டார்கள். தண்ணீர் குடிக்கப் போனேன், வேறெங்கே போவேன், அவன்தான் என்னை மேசைப் பக்கமே விடவில்லையே என்று அவர் சிரித்தார்.

முக்கோணம் பதினான்கு. கடைசி அடுக்கில் ஏழு பந்தும் கண்ணுக்குத் தெரியவே விழுந்திருந்தன. இருநூற்று மூன்று. அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடிக் கடைக்காரர் எழுந்துபோய்த் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனசறிந்து சந்தேகப்படவில்லை, பதினெட்டு வருஷத்துப் பழக்கம் விடவில்லை என்றார். நல்ல மனிதர்தான், பாவம். பிறகு கணக்கக்காவின் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டார். அச்சகக்காரர் பேனாவைத் திறந்தார்.

கணக்கக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. மற்றவர்கள் முக்கோணத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது அவள் எண்ணியது வேறு. தம்பிக்கு ஒரு பழக்கம், பத்தொன்பது வயதிலிருந்து. ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் மேசை ஓரத்திலிருக்கும் சாக்கட்டியை எடுத்து, பந்தில் வழுக்காமல் இருக்க க்யூ நுனியில் ஒருமுறை தேய்த்துவிட்டு அதே இடத்தில் வைப்பான். அந்த இடம் படத்தில் தெரிந்தது. பந்து விழுவது தெரியாவிட்டாலும் சாக் தேய்ப்பது தெரிந்தது. இரண்டாவது முக்கோணத்துக்குப் பதினான்கு தடவை. மூன்றாவதுக்குப் பதினான்கு. எல்லாவற்றுக்கும் பதினான்கு. முதலாவதுக்கு மட்டும் பத்து.

பத்து! அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவேளை நான்கு தடவை தேய்க்க மறந்திருப்பானோ என்று மனசு ஒரு நொடி கெஞ்சியது. அவனா மறப்பான்? கல்யாணத்தன்றே சட்டைப் பையில் சாக்கட்டியோடு நின்றவன். அன்றைக்குப் படியேறி வந்தது, கூடத்துக்காரர் எழுந்து ஓடியது, மேசையில் எட்டுப் பந்து இருந்தது, எல்லாம் கண்முன் வந்து நின்றன. எண்ணாமல் பொறுப்பு வாங்கிவிட்டாள். துணி அறையில் யாரை எல்லாம் எதற்குத் திட்டினாளோ, அதே காரியம்.

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. சந்தேகப்பட்டவரே கை குலுக்கிவிட்டார். கையெழுத்துப் போட இன்னும் ஒரு வரிதான் பாக்கி. அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், பொடியனாக இருந்தபோதுகூட அவள் பார்த்ததில்லை.

“கொஞ்சம் பின்னால ஓட்டுங்க” என்றாள்.

எங்கே ஓட்டுவது என்று அச்சகக்காரருக்குப் புரியவில்லை. தம்பி எழுவதற்கும் முன்னால், ஆட்டம் தொடங்கிய இடத்துக்கு என்று சொன்னாள். ஓட்டினார்கள். மருந்துக் கடைக்காரர் மேசையைச் சுற்றி நடந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். ஒரு பந்து கண்ணெதிரே விழுந்தது. இன்னொன்று. பிறகு அவர் படத்துக்கு வெளியே போய் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கூடத்துக்காரர் ஸ்டூலில் இருந்தபடி கவுன்ட்டரையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் எழுதியதாகத் தெரியவில்லை. மறுபடியும் மருந்துக் கடைக்காரருக்குப் போன் போனது.

“ஆமா, முதல்ல நாலு பந்து நான்தான் போட்டேன். அஞ்சாவது தவறிடுச்சு” என்றார் அவர். “தண்ணி குடிச்சதக்கூடக் கேட்டீங்க. இத யாருமே கேக்கலையே!”

கணக்கக்கா எழுந்து நின்று, தெளிவாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். முதல் அடுக்கில் அவனுடையது பத்துதான். பதினாலு வளையத்தில் நான்கு பந்து இன்னொருவருடையது. இருநூற்று மூன்று இல்லை. நூற்றுத் தொண்ணூற்றொன்பது. தப்பு என்னுடையது, ஆட்டக்காரருடையது அல்ல, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். அச்சகக்காரர் எழுதினார். கண்ணாடிக் கடைக்காரர் தன் இருநூறு காப்பாற்றப்பட்ட மனிதரைப்போலவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு மேசைத் துணியைத் தடவிக்கொண்டிருந்தார்.

தம்பி முதலில் வெளியே போய்விட்டான். அவள் படியிறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பிடித்தாள். இரண்டு தெரு நடந்தார்கள். அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. இன்னொன்றும் இருக்கிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தாள். அன்றைக்கு இருநூற்றொன்று என்று கை தட்டினார்களே, அது உண்மையில் நூற்றுத் தொண்ணூற்றேழு. என் வளையத்தைப் பார்த்துத்தான் தட்டினார்கள். தட்டாமல் இருந்திருந்தால் நீ நிமிர்ந்திருக்க மாட்டாய், சிரித்திருக்க மாட்டாய். நீ தவறவிட்டது இருநூறாவது பந்து. என் தப்புதான் உனக்குச் சாதனையைக் கொடுத்தது, என் தப்புதான் பிடுங்கியது.

அவன் நின்றான். “கை தட்டினப்பதான் கை ஆட்டம் கண்டுச்சு” என்றான். “முடிஞ்சுதுன்னு நினைச்சிட்டேன்கா.” அவ்வளவுதான். அதன்பின் பதினோரு நாள் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வீட்டில் பதினோரு நாள் என்பது லேசுப்பட்டதல்ல. அக்கா சாப்பிட்டாச்சா என்று அவன் பெண்டாட்டியிடம் கேட்பான். தம்பிக்குச் சட்டை தேய்த்து வைத்திருக்கிறேன் என்று இவளும் அவன் பெண்டாட்டியிடமே சொல்வாள். ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரி வேலை பார்த்து என் கால் தேஞ்சுபோச்சு, ஸ்டாம்ப் ஒட்டினாத்தான் இனி கொண்டுபோவேன் என்றாள் தம்பி பெண்டாட்டி. ஒருவரும் சிரிக்கவில்லை. கணக்கக்கா கூடத்துக்கும் போகவில்லை. துணி அறையில் புது ஆட்களைத் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள். அவர்களுக்கு அதுதான் அதிக பயமாக இருந்தது. ஒருநாள் மட்டும் கூட்டி உட்காரவைத்து, எண்ணாமல் பொறுப்பு வாங்கினால் என்ன ஆகும் என்று தன் கதையையே சொன்னாள். தான் செய்தது சரிதான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சரியானதைச் செய்துவிட்டு இப்படி நெஞ்சு வலிக்கலாமா என்பதுதான் புரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அவள் கூடத்து ஓரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக் கூடம்தான். தம்பியின் போன் அடித்தது. வேறு ஊரிலிருந்து, முன்பின் தெரியாத ஒரு கூடத்துக்காரர். அச்சகக்காரர் எண் கொடுத்தாராம். தங்கள் ஊரில் ஒருவர் இருநூற்றுப் பதினொன்று அடித்திருக்கிறார், ஆனால் ஆளுக்கொரு கணக்குச் சொல்லி அடிதடிவரை வந்துவிட்டது, இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே விஷயத்தில்தான் ஒத்துப்போகிறார்கள், அந்த அம்மா வந்து பார்த்துச் சொன்னால் வாயை மூடிக்கொள்கிறோம் என்கிறார்கள். இதையெல்லாம் தம்பி உம், உம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். எதிர்முனையில் சத்தம் பெரிதாக இருந்ததால் அவளுக்கும் கேட்டது. அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அவர் கடைசியில் தயங்கித் தயங்கி, ஆட்டக்காரர் தன் அண்ணன் மகன்தான், அம்மா கொஞ்சம் அனுசரித்துப் பார்க்க முடியுமா என்று இழுத்தார்.

தம்பி அவள் பக்கம் திரும்பினான். பதினோரு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நேருக்கு நேராகப் பார்த்தான். பார்த்துக்கொண்டே போனில் சொன்னான்:

“எங்க அக்காகிட்ட கேட்டுட்டுச் சொல்றேங்க. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. அவங்க சொந்தத் தம்பியவே விடல. உங்க அண்ணன் மகனையா விடப் போறாங்க?”